எழில் அளவுக்குத் தைத்த சீருடை

எழில் என்று கூப்பிட்டதும் பதில் வந்தது. பதில் வந்ததில் ஒன்றும் தப்பில்லை, தினமும் வருவதுதான். நேற்றுவரை "உல்லேன் தீச்சர்" என்று மழலையில் வந்துகொண்டிருந்தது இன்றைக்கு "உள்ளேன் டீச்சர்" என்று திருத்தமாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். லட்சுமிகாந்தம் செல்போனில் வருகையைப் பதிந்துகொண்டிருந்த விரலை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

நாக்கு திருந்துகிற வயசுதான், நாலரை வயசுப் பிள்ளை மழலையோடு படுத்து விடியும்போது திருத்தமாகப் பேசிக்கொண்டு எழுந்திருப்பது உலகத்தில் நடக்காததா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில் அவளை மிஞ்ச அந்த ஒன்றியத்திலேயே தலைமையாசிரியை கிடையாது. ஆனால் குரல் வந்த இடத்துக்கு என்ன சொல்லிக்கொள்வது? சின்னப் பிள்ளைகள் உட்காருகிற முன்பாயில் அது இல்லை. கூடத்தின் கடைசியில், ஜன்னலோரமாக, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அங்கன போயி என்ன பண்ற? முன்னால வா."

"இதான டீச்சர் என் இடம்" என்றது பிள்ளை. பணிவாகத்தான் சொன்னது. சொல்லிவிட்டுச் சிலேட்டை எடுத்துத் துடைத்தது.

ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் அதன் அம்மா பாண்டிமீனா இடுப்பில் குடத்தோடு நின்றாள். குழாயில் அந்த நேரத்துக்குத் தண்ணீர் வராது என்பது ஊருக்கே தெரியும், அவளும் தண்ணீருக்கு வந்தவள் இல்லை. தினமும் வந்து, எழில் என்ற பேரைக் கூப்பிடுகிறவரை நின்று, பதிலையும் கேட்டுக்கொண்டு, காலிக்குடத்தோடு திரும்பிப் போகிறவள். இன்றைக்கு மட்டும் போகிற வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தப் பிள்ளையின் பேர் எழில் இல்லை. ஓவியா. எழில் அதன் அக்கா, எட்டு வயசு, மாசி மாதமே செத்துப்போனவள்.

இது எப்படி வந்தது என்று சொல்வதானால் சல்லிக்காட்டுப் பள்ளிக்கூடத்தின் தலையெண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். தாயில்பட்டியிலிருந்து உள்ளே போகிற அந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கையில் கொஞ்சம் ஓட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகளை மஞ்சள் வேன் வந்து சிவகாசி இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். வேன் விட்டுவிட்டுப் போனதுதான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு. பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள், அதில் பாதிக்கு மேல் காலனித் தெரு. போதாததற்கு அச்சாபீஸ் வேலைக்கு வந்த பீகார்க்காரர் பிள்ளைகள் இரண்டு, தமிழில் "உள்ளேன்" என்பதை மட்டும் கணீரென்று சொல்லும். ஒவ்வொரு ஜூனிலும் மேலே கேட்பார்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தப் பிரிவில் எத்தனை, மொத்தம் எத்தனை என்று. அந்த மொத்தத்தில் இன்னும் ஒன்று குறைந்தால் இரண்டாவது டீச்சர் போஸ்ட் போய்விடும். அப்புறம் பள்ளிக்கூடத்தையே பக்கத்து ஊரோடு சேர்க்க எத்தனை நாள் ஆகும்? குறையக் கூடாத அந்த ஒன்றுதான் எழில்.

செத்த பிள்ளை எப்படிக் கணக்கில் இருந்தது என்றால், அதுதான் லட்சுமிகாந்தம் யாரிடமும் சொல்லாதது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பேர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் மற்றப் பிள்ளைகள் சேர்ந்து ராகம் போட்டு "வேலைக்கு டீச்சர்" என்று சொல்லும். எங்கே வேலைக்கு, என்ன வேலைக்கு என்று டீச்சர் கேட்க மாட்டாள். ஆஜர் போட்டுவிடுவாள். சேர்ந்தாற்போல் நாலு நாள் வராத பிள்ளையைப் பற்றி மேலேயிருந்து போன் வரும், ஏன் வரவில்லை என்று எழுதிக் கேட்பார்கள், பெற்றவர்களுக்கும் தொந்தரவு, பள்ளிக்கூடத்துக்கும் தொந்தரவு. சீசன் நேரத்தில் வீட்டில் ஒரு கை கூடுதலாக இருந்தால் ஏழை பாழை நாலு காசு பார்க்கட்டுமே என்று அதற்கு ஒரு நல்ல பேரும் வைத்திருந்தாள். இப்படி ஒரு டீச்சர் எந்த ஊருக்கு வாய்க்கும் என்று தாய்மார்கள் பொங்கலுக்குப் பொங்கல் தூக்குச்சட்டியில் சோறு அனுப்பினார்கள்.

மாசியில் ஒரு வியாழக்கிழமை, எழில் என்று கூப்பிட்டாள். வேலைக்கு டீச்சர் என்றார்கள். செல்போனில் ஆஜர் போட்டு மேலே அனுப்பிவிட்டாள். சத்துணவு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் கண்ணுச்சாமியின் தகரக் கொட்டகை வெடித்தது. பட்டாசுக்கு வைக்கிற கருந்திரி செய்கிற கொட்டகை, லைசென்ஸ் கிடையாது, அதனால்தான் ஊருக்கு ஒதுங்கி ஓடைக்கு அப்பால் போட்டிருந்தான். அடுப்படியில் அண்டாவின் மூடி விழுந்து உருண்டது. பிள்ளைகள் ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் புதுசில்லை.

சாயங்காலம் கண்ணுச்சாமியே பள்ளிக்கூடத்துக்கு வந்தான். புருவமயிர் கருகியிருந்தது.

"டீச்சர், நீங்க ஆஜர் போட்டது எம்புட்டு நல்லதாப் போச்சு. பிள்ளை பள்ளிக்கூடத்துலதான இருந்திருக்கு. கொட்டகைல ஆளே இல்ல, வெயிலுக்குத் தானாப் பத்திக்கிருச்சு. எழிலுக்குக் காச்சல்னு சொல்லிக்கிடுவாக. பெத்தவுககிட்டப் பேசியாச்சு."

லட்சுமிகாந்தம் "சரி" என்றாள். அந்த ஒரு சொல்தான் சொன்னாள். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், இல்லை வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். வெட்கங்கெட்ட வாய், சரி என்றுதான் சொன்னது. சாவு எங்கேயும் பதிவாகவில்லை. கம்ப்யூட்டரில் எழில் பாஸாகி நான்காம் வகுப்புக்கு வந்தாள்.

ஜூனில் எண்ணிக்கை கேட்டபோது லட்சுமிகாந்தம் பாண்டிமீனா வீட்டுக்குப் போனாள். ஓவியாவுக்கு இன்னும் ஐந்து முடியவில்லை, அவள் பேரில் சேர்க்க முடியாது, எழில் பேர் சும்மாதானே கிடக்கிறது, அந்தப் பேரில் வந்து உட்காரட்டும், அடுத்த வருசம் அவள் பேருக்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாள். செத்த பிள்ளையின் தாயிடம் போய்ப் "பேர் சும்மாதானே கிடக்கிறது" என்று சொன்னோமே என்பது பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது. பாண்டிமீனா கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தினம் காலைல அந்தப் பேரைச் சத்தமாக் கூப்பிடுவீகளா டீச்சர்?"

"கூப்பிடுவேன்."

"அப்பச் சரி."

கடலை மிட்டாய் கொடுத்துப் பழக்கினாள். உன் பேர் என்ன என்றால் ஓவியா, பள்ளிக்கூடத்தில் உன் பேர் என்ன என்றால் எழில். சொன்னால் ஒரு மிட்டாய். ஜூலையில் இலவசச் சீருடை வந்தது. போன வருசமே அளவெடுத்து அனுப்பியது, எழில் அளவு. ஓவியா அதைப் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்குப் பாவாடை கரண்டைக்காலில் தடுக்கியது, சட்டைக்கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. பிள்ளைகளெல்லாம் சிரித்தார்கள், அதுவும் சேர்ந்து சிரித்தது.

அப்போதெல்லாம் சிரிக்கிற பிள்ளையாகத்தான் இருந்தது.

ஐப்பசி பிறந்து, பிள்ளை ஜன்னலோரத்துக்கு மாறின வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண் நனைந்து ஊறின வாசனையோடு, தீபாவளி லோடு ஏற்றிப்போகிற லாரிகளின் புகையும், வீட்டுக்கு வீடு காகிதக் குழாய் ஒட்டுகிற பசையின் புளிப்பும் கலந்து, கூடத்துக்குள் எந்நேரமும் ஒரு ஈரக் காற்று நின்றது. அதற்குள் இன்னொரு வாசனையும் இருந்தது. முதலில் லட்சுமிகாந்தம் அதைக் கந்தகம் என்று நினைத்தாள், சீசன் நேரத்தில் ஊரே நாறத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள். ஆனால் ஊர் வாசனை ஜன்னலைச் சாத்தினால் குறையும். இது சாத்தினால் கூடியது. கருகின மயிர் வாசனை, நனைந்த சாம்பல் வாசனை, கடைசி வரிசையின் ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

மத்தியானம் சமையல்கார அய்யம்மாள் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினாள்.

"இந்தத் தட்டைப் பாருங்க டீச்சர். சாம்பல் போட்டு, நார் போட்டு, எம்புட்டுத் தேச்சும் போகமாட்டேங்கு."

தட்டின் விளிம்பில் விரல் தடங்கள் இருந்தன. எண்ணெய்க் கரி இல்லை. உள்ளே இறங்கின கறுப்பு.

"யார் தட்டு?"

"எழில் தட்டு" என்றாள் அய்யம்மாள். சொல்லிவிட்டு, "அதான், சின்னது தட்டு" என்று திருத்திக்கொண்டாள். "வீட்ல கருந்திரி வேலைக்கு விடுதாகளோ என்னவோ. நீங்க ஒரு வார்த்தை கேளுங்க டீச்சர். ஒண்ணைத்தான் வாரிக் குடுத்தாச்சே."

அய்யம்மாள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் லட்சுமிகாந்தத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கரண்டு போய்க் கூடம் மங்கலாகிக் கிடந்த ஒரு மத்தியானம், தஹ்மீனா வந்து அவள் தோளைத் தொட்டாள். அதுதான் இரண்டாவது டீச்சர், சிவகாசியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் மகள், வேலைக்கு வந்து மூன்று வருசம். இரைந்து பேசத் தெரியாத பெண். அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினாள்.

"பெரிய டீச்சர், கொஞ்சம் வந்து கேளுங்களேன்."

ஜன்னலோரம் அந்தப் பிள்ளை படித்துக்கொண்டிருந்தது. மடியில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். இன்னும் அ, ஆ முழுதாக எழுதத் தெரியாத பிள்ளை, தூக்கணாங்குருவி கூடு கட்டுகிற பாடத்தை விரலை ஓட்டி ஓட்டிப் படித்தது. ஓட்டின இடமெல்லாம் வரிக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, லட்சுமிகாந்தம் சொல்லிக்கொடுக்கிற அதே ராகத்தில் படித்துக்கொண்டே வந்து, பக்கத்தின் நடுவில், ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றது.

"மேல படி" என்றாள் லட்சுமிகாந்தம்.

"இதுக்கு மேல எனக்கு நடத்தலையே டீச்சர்."

மாசி மாதம், அந்தப் புதன்கிழமை, பாடத்தின் பாதியில் மணி அடித்துவிட்டது. மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று அவள்தான் சொன்னாள். மறுநாள் வியாழக்கிழமை.

பிள்ளை எழுந்து புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. அப்போதுதான் பார்த்தாள். பாவாடை முழங்காலோடு நின்றது. சட்டைக்கை முழங்கைக்கு மேலே கச்சிதமாக இருந்தது. தோளில் சுருக்கமில்லை, இடுப்பில் தொளதொளப்பு இல்லை. ஜூலையில் தடுக்கி விழுந்த பிள்ளைக்கு எழில் அளவுக்குத் தைத்த சீருடை தைத்து வைத்ததுபோல் பொருந்தியிருந்தது. மூன்று மாதத்தில் எந்தப் பிள்ளை இப்படி வளரும்?

தஹ்மீனா அவளை அடுப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஓவியான்னு கூப்பிட்டா அது திரும்பவே மாட்டேங்குது பெரிய டீச்சர். நானும் ஒரு வாரமாப் பாக்குறேன். அந்தப் பேரை நீக்கிருங்க. என் போஸ்ட் போனாப் போகட்டும், எங்கயாச்சும் தூக்கிப் போட்டாப் போறேன், இல்லன்னா வாப்பா கடைல உக்காந்துக்கிறேன். எனக்காகன்னு இது வேண்டாம்."

உனக்காக இல்லையம்மா என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது லட்சுமிகாந்தத்துக்கு. பேரை நீக்கப் போனால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். இறப்பு என்றால் தேதி கேட்கும். தேதியைச் சொன்னால் அன்றைக்கு எழில் பள்ளிக்கூடத்தில் இருந்ததாக அவள் அனுப்பியது எதிரே வந்து நிற்கும். ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருசம். இந்தப் பெண் தன் சோற்றையே விட்டுக்கொடுக்கிறேன் என்கிறாள், தான் ஒரு தேதிக்குப் பயந்துகொண்டு நிற்கிறோம் என்று நினைத்தபோது, மழைக் குளிரிலும் அவளுக்குக் காது மடல் சுட்டது.

"பாக்கலாம்மா" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பாண்டிமீனா வீட்டுக்குப் போனாள். வெளிச்சம் இருக்கும்போதே போனாலும் மேகம் கவிந்து தெரு இருட்டிக் கிடந்தது. வீட்டுக்குள் ஒற்றை பல்பு. பாண்டிமீனா காகிதக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தாள், எழுந்து பாயை உதறிப் போட்டாள். மூலையில் பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் இரண்டு கைகளும் மடியில் வேகவேகமாக இயங்கின. எடுத்தது, சேர்த்தது, நுனியைத் தட்டிச் சமமாக்கியது, முடிந்து ஓரமாக வைத்தது. மறுபடியும் எடுத்தது. கையில் எதுவும் இல்லை. இல்லாத திரியை எடுத்து இல்லாத கட்டாகக் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தது.

"சின்னதை வேலைக்கு விடுறியா பாண்டிமீனா?"

"வெடிமருந்துப் பக்கமே விடல டீச்சர். சத்தியமா விடல." பாண்டிமீனாவின் முகம் பளிச்சென்று இருந்தது. மாசிக்கு அப்புறம் அந்த முகத்தில் லட்சுமிகாந்தம் இவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்தினாள். "வந்துக்கிட்டு இருக்கா டீச்சர். நேத்து சோத்துல உப்புக் கூடன்னா. அவ மாதிரியே சொன்னா. கெடுத்திராதீக."

"ஓவியா?"

"அவளுக்கென்ன."

"ஓவியாவுக்கு என்ன ஆகும்னு கேக்கேன்."

பாண்டிமீனா பசைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "ஒரு பேருக்குள்ள ரெண்டு பிள்ளையை விட்டா ஒண்ணு ஒதுங்கித்தான டீச்சர் ஆகணும். நீங்கதான விட்டீக. நான் உங்களை ஒண்ணும் சொல்லல. நல்லதுதான் செஞ்சீக."

நல்லதுதான் செஞ்சீக. கண்ணுச்சாமியும் அதைத்தான் சொன்னான். லட்சுமிகாந்தம் வெளியே வந்தபோது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டாள், பாதித் தெரு போன பிறகுதான் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் கம்பெனிப் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. பிள்ளையின் அப்பன் செந்தூர்பாண்டி, கையெல்லாம் அலுமினியப் பவுடர் மினுங்க, அவளைப் பார்த்து நின்றான். வீட்டுக்குப் போகிறவன்போல் இல்லை.

"வீட்டுக்குப் போயிட்டு வாறீகளா?"

"ஆமா."

"நான் ராத்திரி ஊர் மடத்துலதான் படுக்கேன் டீச்சர்." அவன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மூத்தவளை நான் மறக்கல. ஆனா சின்னது உசுரோட இருந்த பிள்ளை. என் மடில உக்காந்து மீசையைப் பிடிச்சு இழுக்கும். இப்பப் பக்கத்துல வந்தா எனக்கு ஒதறுது. ஓவியான்னு நான் கூப்பிட்டாத் திரும்பல. நீங்க கூப்பிட்டாத் திரும்பும். நீங்கதான அந்தப் பேரை வச்சீக."

"நாளைக்குக் கூப்பிடுறேன்."

"என் பிள்ளையைத் திருப்பிக் குடுத்திருங்க டீச்சர்." கும்பிட்டான். அந்தக் கும்பிடுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

பஸ்ஸில் முடிவு செய்துவிட்டாள். காலையில் எழில் பேரைக் கூப்பிடுவதில்லை. ஓவியா என்று கூப்பிட வேண்டும், அது திரும்புகிறவரை கூப்பிட வேண்டும். அப்புறம் நேராக வட்டார அலுவலகத்துக்குப் போய் அந்த வியாழக்கிழமையைச் சொல்லிவிட வேண்டும். வேலை போகட்டும். பென்சன் போகட்டும். ஊர் சிரிக்கட்டும். மாசியிலேயே சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளைக்கு இது வந்திருக்காதே என்று நினைத்தாள், ஆனாலும் எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தன் முகத்தைப் பஸ் கண்ணாடியில் பார்க்க முடிந்தது.

மறுநாள் விடியலிலிருந்தே தூறல். தீபாவளிக்கு முந்தின வாரம், கடைசி ஆர்டர்கள், பாதிப் பிள்ளைகள் வரவில்லை. கரண்டும் இல்லை. கூடத்துக்குள் இருட்டு மூலை மூலையாகத் தேங்கி நின்றது. அய்யம்மாள் அடுப்பில் உலை வைத்திருந்தாள், ஈர விறகு புகைகிற வாசனை. அதை அமுக்கிக்கொண்டு அந்த இன்னொரு வாசனை. முன்பாயில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன, நடுவில் ஓவியா உட்காரும் இடத்தைக் காலியாக விட்டு, அந்தப் பக்கம் கால் படாமல் மடக்கிக்கொண்டு. தஹ்மீனா கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பாண்டிமீனா. குடம். நனைந்துகொண்டு நின்றாள்.

லட்சுமிகாந்தம் பேர்களைக் கூப்பிட்டாள். சிலதுக்குப் பதில் வந்தது. சிலதுக்கு "வேலைக்கு டீச்சர்" என்று வந்தது. இன்றைக்கு அதற்கு ஆஜர் போடவில்லை. விரல் போகப் பார்த்தது, இழுத்துக்கொண்டாள்.

எழில் பேர் வந்தது.

தாண்டினாள்.

ஜன்னலுக்கு வெளியே குடம் லேசாக அசைந்தது.

"ஓவியா."

யாரும் எழவில்லை.

கடைசி வரிசையில் ஜன்னலோரத்துப் பிள்ளை நிமிர்ந்தது. எட்டு வயசு உயரம். எட்டு வயசுக் கழுத்து. அங்கேயும் இங்கேயும் பார்த்தது. வராத பிள்ளையை மற்றப் பிள்ளைகள் தேடுவார்களே, அப்படித் தேடியது.

"ஓவியா." எழுந்து நின்றாள். "ஏ பிள்ளை, ஓவியா. என்னைப் பாரு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, எப்போதும்போல, சேர்ந்து, ராகம் போட்டுச் சொன்னார்கள்.

"வேலைக்கு டீச்சர்."

தஹ்மீனாவின் கையில் சாக்பீஸ் நின்றது.

லட்சுமிகாந்தம் கேட்டாள். இத்தனை வருசத்தில் ஒருநாளும் கேட்காதது.

"எங்கன வேலைக்கு?"

"ஓடைக்கு அந்தப் பக்கம்" என்றது ஜன்னலோரத்துப் பிள்ளை. "என் இடத்துல உக்காந்திருக்கா."

"அங்கன கொட்டகையே இல்லையே." கெஞ்சலாகத்தான் வந்தது. "அதான் எரிஞ்சுபோச்சே."

"இருக்கு டீச்சர்."

எழுந்தது. பாய்களுக்கு நடுவில் நடந்து வந்தது. மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்தது. மணிக்கட்டுவரை கறுப்பு. சட்டைக்கை அளவாக இருந்தது.

"நீங்க ஆஜர் போட்டுருங்க டீச்சர்" என்றது. ஆறுதல் சொல்கிற குரல். "எனக்குப் போட்டீகள்ல."

லட்சுமிகாந்தம் ஜன்னலைப் பார்த்தாள். பாண்டிமீனா பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். மழையாகவும் இருக்கலாம்.

அப்போது கேட்டது.

தூரத்தில். பாண்டிமீனாவின் முதுகுக்குப் பின்னால், ஓடைக்கு அப்பால், கரிந்த தகரம் கிடக்கிற திசையில். சின்னக் குரல். தன் பேரைக் கேட்டுவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்து சொல்கிற குரல்.

"உல்லேன் தீச்சர்."

பாண்டிமீனா திரும்பவில்லை.

"உல்லேன் தீச்சர். தீச்சர், உல்லேன்."

அடுப்படியில் அண்டாவின் மூடி விழுந்து உருண்டது. மாசியில் உருண்டதுபோலவே உருண்டு உருண்டு அடங்கியது.

பிள்ளைகள் ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.